வீட்டில் பழைய பித்தளை யானை, குதிரை, மயில் இருக்கா? உண்மையான மதிப்பைத் தெரிந்துகொள்வது எப்படி? முழு விளக்கம்

பரணை சுத்தம் செய்யும்போதும், பழைய வீட்டைக் காலி செய்யும்போதும் பல வீடுகளில் ஒரு பித்தளை யானையோ, குதிரையோ, மயிலோ கிடைக்கும். உடனே வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். "பழைய சாமான், காயலான் கடையில போடு" என்பது ஒரு கட்சி. "இது ஆன்டிக், லட்சக்கணக்குல போகும்" என்பது இன்னொரு கட்சி.

பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. புதுச்சேரி மாதிரி ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்து வீடுகள், பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்கள் என்று இங்கே வீட்டுப் பொருட்களின் கதையே வேறு. அந்தப் பொருளை பாரிஸில் இருக்கும் மகளுக்கு பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். அதில் தப்பு நடந்தால் ஜெயில் வரை போகலாம்.

அப்போ, கையில் இருக்கும் பித்தளை பொம்மையை எப்படி எடைபோடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதிப்பு என்றால் எந்த மதிப்பு?

ஒரு பித்தளை உருவத்துக்கு நான்கு விதமான மதிப்பு உண்டு.

முதலாவது உலோக மதிப்பு. உருக்கினால் எவ்வளவு தேறும் என்பது. இதுதான் அடிமட்ட விலை. இதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது அலங்கார மதிப்பு. வரவேற்பறையில் வைக்க ஒருவர் ஆசைப்பட்டு தரும் விலை. பொம்மையின் அளவு, அழகு, ஜோடியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறும்.

மூன்றாவது சேகரிப்பாளர் மதிப்பு. வயது, ஊர், வேலைப்பாடு, அபூர்வம் ஆகியவற்றை வைத்து வருவது.

நான்காவது சட்ட நிலை. இதை விலை என்று சொல்ல முடியாது, ஆனால் விலையைத் தீர்மானிப்பதே இதுதான். விற்கவே முடியாத பொருளுக்கு சந்தையில் என்ன விலை சொன்னாலும் அது வெறும் பேச்சு.

முதல் சோதனை: இது பித்தளைதானா?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பேச்சு வழக்கில் மஞ்சளாக இருக்கும் எல்லாவற்றையும் பித்தளை என்கிறோம். அதனால் முதலில் இதை உறுதி செய்ய வேண்டும்.

காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். அடிப்பாகத்தில் உள்ள ஆணியிலோ ஸ்க்ரூவிலோ மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம்.

அடுத்து அடர்த்தி. இதை வீட்டில் இருக்கும் சமையலறைத் தராசிலேயே பார்க்கலாம்.

1. பொம்மையை முதலில் அப்படியே எடை போடுங்கள். 1,275 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

2. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி தராசில் வைத்து, அளவை பூஜ்ஜியமாக்குங்கள்.

3. பொம்மையை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் கணக்குதான் பொம்மையின் கன அளவு, மில்லிலிட்டரில். 150 காட்டுகிறது என்று வையுங்கள்.

4. 1,275-ஐ 150-ஆல் வகுத்தால் 8.5.

பித்தளை என்றால் சுமார் 8.4 முதல் 8.7 வரை வரும். வெண்கலம் கொஞ்சம் கூடுதலாக 8.7, 8.8 என்று வரும். வார்ப்பிரும்பு 7-ஐ ஒட்டி வரும். மலிவான துத்தநாகக் கலவை 6.6 பக்கம் வரும். அலுமினியம் 2.7 தான்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே களிமண் இருக்கும் பொம்மை, காற்று அடைபட்ட பொம்மை, மரப்பீடம் உள்ளது, வண்ணம் பூசியது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. எண் குறைவாக வந்ததாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சோதனை முடிந்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

தங்க நகை பரிசோதிக்கும் கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம், பொருளை உரசாமலே செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் அது சொல்வது கலவையை மட்டும்தான். வயதைச் சொல்லாது.

எப்படி செய்தார்கள்? அடியில் பாருங்கள்

பொம்மையின் முகத்தைவிட அதன் வயிற்றுப்பக்கமும் பாதமும்தான் அதிகம் பேசும்.

மெழுகு வார்ப்பு: மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் முறை. கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சில் ஒரே ஒரு பொம்மைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி சிலை செய்வது இந்த முறையில்தான். இரண்டு கண்ணும் துளி வித்தியாசமாக இருப்பது, காதுகள் ஒரே மாதிரி இல்லாதது இதெல்லாம் குறை கிடையாது, கையால் செய்ததற்கு அடையாளம்.

மணல் வார்ப்பு: இரண்டு பாதி அச்சு செய்து சேர்த்து ஊற்றுவது. முதுகு, வயிறு, காலுக்கு நடுவே நேராக ஒரு கோடு ஓடும். அரத்தால் தேய்த்திருந்தாலும் விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படும். ஒரே மாதிரி உருவத்தை வைத்துத் திரும்பத் திரும்ப மணல் அச்சு எடுத்து நூற்றுக்கணக்கில் செய்ய முடியும் என்பதால் பொதுவாக விலை குறைவு.

இதை மட்டும் வைத்து பழசு, புதுசு என்று சொல்லிவிட முடியாது. மெழுகு வார்ப்பு இன்றைக்கும் நடக்கிறது. மொஹஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண் சிலையும் இதே முறையில் வார்த்ததுதான்.

எந்த ஊர் வேலை?

உருவத்தின் பாணியை வைத்து ஊரை ஓரளவு யூகிக்கலாம்.

அன்னப்பறவை தனியாகக் கிடைத்தால், அது குத்துவிளக்கின் உச்சிப்பகுதியாக இருக்கலாம். கும்பகோணம் பக்கம் உள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளின் தலையில் அன்னம் இருக்கும். அடியில் மரை அல்லது திருகும் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பரணில் விளக்கின் மற்ற பாகங்களையும் தேடுங்கள். முழு விளக்காகச் சேர்ந்தால் மதிப்பு கூடும்.

உடம்பு முழுக்க நூல் சுற்றிய மாதிரி கோடுகள் இருந்தால் அது டோக்ரா வேலை. சத்தீஸ்கரின் பஸ்தர், ஒடிசா, மேற்கு வங்கப் பகுதிகளில் செய்வது. மெழுகை நூலாகத் திரித்து மண் உருவத்தின் மேல் சுற்றுவதால் அந்தக் கோடுகள் வருகின்றன. உள்ளே மண் இருக்கும், அதனால் பார்ப்பதைவிட எடை குறைவாக இருக்கும்.

வளைத்தால் நெளியும் பித்தளை மீன் இருந்தால் அது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து கைவேலை.

பளபளப்பாக, உடம்பில் பூ வேலை செதுக்கி, வண்ணம் நிரப்பிய யானை, மயில், ஒட்டகம் என்றால் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். பித்தளை நகரம் என்றே அதற்குப் பெயர். ஏற்றுமதிக்காக அங்கே பெருமளவில் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். நம்ம வீடுகளில் 'ஆன்டிக்' என்று சொல்லப்படும் பல பொம்மைகள் இந்த வகைதான்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு வகையும் உண்டு. பிரெஞ்சு இந்தோசீனாவில், குறிப்பாக சைகோனில், புதுச்சேரித் தமிழர்கள் பலர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களின் வீட்டில் ஆமையின் முதுகில் நிற்கும் கொக்கு, டிராகன், பந்தின் மேல் கால் வைத்த சிங்கம் போன்ற உருவங்கள் இருந்தால், அவை இந்தியப் பொருளாக இல்லாமல் இருக்கலாம். ஆமை மேல் கொக்கு என்பது வியட்நாமில் வழிபாட்டு இடங்களில் வைக்கும் உருவம். 'ஏதோ கொக்கு பொம்மை' என்று எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

வயதை எப்படிக் கணிப்பது?

பொதுவாக 100 வருடம் தாண்டினால் ஆன்டிக். அதற்கு உட்பட்ட, ஆனால் சில பத்தாண்டுகள் பழையதை விண்டேஜ் என்பார்கள். வியாபாரிகள் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள்.

கவனிக்க வேண்டிய தடயங்கள் இவை:

தேய்மானம்: உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கும். யானையின் தும்பிக்கை, முதுகு, குதிரையின் தலை, பாதத்தின் விளிம்பு. இடுக்கில் உள்ள வேலைப்பாடு கூர்மையாகவும், மேடான இடம் மழுங்கியும் இருந்தால் நல்ல அறிகுறி. எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கி இருந்தால், பழைய பொம்மையிலிருந்து அச்சு எடுத்துச் செய்த நகலாக இருக்கலாம்.

நிறம்: வருடக்கணக்கில் ஏறும் பழுப்பு ஒரே சீராக இருக்காது. இடுக்கில் அடர்த்தியாக, மேட்டில் மெலிசாக இருக்கும். ரசாயனம் பூசி பழசாக்கியது மேலாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினாலே உள்ளிருந்து புது மஞ்சள் தெரியும்.

ஸ்க்ரூ: பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் பொருள் அதற்குப் பிறகு செய்தது, இல்லையென்றால் பிற்காலத்தில் பழுது பார்த்தது.

முத்திரை: அடியில் ஆங்கிலத்தில் 'இந்தியா' அல்லது 'மேட் இன் இந்தியா' என்று இருக்கிறதா? இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. எனவே அந்த முத்திரை உள்ள பொருள் வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்தது. அரசர் காலத்துப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

'கார்பன் டேட்டிங் செய்து 500 வருடம் என்று சான்றிதழ் இருக்கு' என்று யாராவது காட்டினால் உஷார். கார்பன் டேட்டிங் என்பது மரம், எலும்பு, துணி போன்ற உயிரிப் பொருட்களுக்கான சோதனை. வெறும் பித்தளையின் வயதை அது சொல்லாது.

தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். குறைந்தபட்சம், விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை வேண்டாம்.

புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எல்லாமே மேல்பரப்பைக் கொஞ்சம் அரித்துத்தான் பளபளப்பைத் தருகின்றன. தினசரி தேய்க்கும் பாத்திரத்துக்குப் பரவாயில்லை. பழைய பொம்மைக்கு, அதன் வயதைச் சொல்லும் சாட்சியையே நாம் அழிக்கிறோம். ஒருமுறை போன பழுப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரே விதிவிலக்கு, வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிரும் களிம்பு. கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இதை வரவைக்கும். இது உலோகத்தைத் தொடர்ந்து தின்னும். இதற்கும் புளி மருந்தில்லை. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரமில்லாத இடத்தில், மற்ற உலோகப் பொருட்களோடு ஒட்டாமல் வைத்து, பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விலை கணக்கு போடுவது எப்படி?

உதாரணத்துக்கு, இரண்டு கிலோ எடையுள்ள பித்தளை யானை. அன்றைக்கு பழைய பித்தளை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,000 ரூபாய் அடிமட்ட விலை. உங்கள் ஊர் விலையை இரண்டு மூன்று கடையில் கேட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே அளவு, அதே ரக புது யானை கைவினைப் பொருள் கடையில் என்ன விலை என்று பாருங்கள். சாதாரண விண்டேஜ் பொம்மையின் விலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மெழுகு வார்ப்பு, நல்ல முகம், உடைசல் இல்லாதது, ஜோடி, எங்கிருந்து வந்தது என்ற ஆதாரம் எல்லாம் சேரும்போதுதான் புது விலையைத் தாண்டும்.

ஆன்லைனில் விலை பார்க்கும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். 'இவ்வளவுக்கு விற்கிறேன்' என்று போட்டிருப்பது ஒருவரின் ஆசை. 'இவ்வளவுக்கு விற்றது' என்பதுதான் விலை. ஏல நிறுவனங்களின் தளங்களில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள்.

ஆதாரம் என்பது பெரிய சொல். தாத்தாவின் சைகோன் காலத்துப் புகைப்படத்தில் பின்னால் அந்தக் கொக்கு தெரிகிறதா? பழைய ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம், பிரெஞ்சில் எழுதிய வீட்டுச் சாமான் பட்டியல் ஏதாவது இருக்கிறதா? இவற்றைப் பொம்மையோடு சேர்த்து வையுங்கள். விலையைக் கூட்டுவதும் இதுதான், நாளைக்கு சட்டப்படி உங்களைக் காப்பாற்றுவதும் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. 100 வருடங்களுக்குக் குறையாத சிற்பம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். உலோகச் சிற்பமும் இதில் அடங்கும்.

தொல்பொருளை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் உலோகச் சிற்பங்கள், பதிவு செய்ய வேண்டிய வகையில் வருகின்றன. உரிமையாளர் புகைப்படங்களோடு பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்து சான்று பெற வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய தனிநபருக்கு அனுமதியே இல்லை. மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டும்தான் செய்யலாம். மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு.

பிரான்ஸுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். 100 வருடத்துக்குக் குறைவான பித்தளை பொம்மையை எடுத்துப் போக இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு சந்தேகம் வந்தால், 'இது எங்க பாட்டி வாங்கியது' என்ற வாய்வார்த்தை போதாது. பார்க்கப் பழசாக இருக்கும் பொருள் என்றால், 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்திய தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் போட்ட பிறகு ஓடாமல், அதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

வீடு கட்ட, கிணறு தோண்ட மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் கதை வேறு. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்பைத் தாண்டும் எதுவாக இருந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோயில் பொருளாக இருந்தால்?

நந்தி, சாமி வாகனம், யாளி, மூஞ்சுறு, கோயில் விளக்கின் பாகம் போன்றவை கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். பீடத்தில் எழுத்து இருக்கிறதா, தண்டு செருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலுக்குச் சொந்தமானது என்றால் எத்தனை கை மாறியிருந்தாலும் அது கோயிலுடையதுதான். கொடுத்த காசு போய்விடும், வழக்கும் வரும்.

2022-ல் தமிழ்நாடு சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் புதுச்சேரியில் ஒரு வீட்டிலிருந்து நடராஜர் உட்பட பழமையான உலோகச் சிலைகளைக் கைப்பற்றினார்கள்.

இதில் புதுச்சேரிக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களின் சிலைகளைப் பல ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இந்த நிறுவனத்தின் பழைய புகைப்படம்தான் அது அந்தக் கோயில் சிலை என்று காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய விலையை ஒரு கருப்பு வெள்ளை போட்டோ பூஜ்ஜியமாக்கியது.

'ரைஸ் புல்லிங்' என்று யாராவது வந்தால்?

பழைய பித்தளை, செம்புப் பொருள் இருக்கும் வீடுகளைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. 'உங்க பொருள் அரிசியை இழுக்குது, இரிடியம் இருக்கு, வெளிநாட்டு கம்பெனி கோடிகளில் வாங்கும்' என்பார்கள். பிறகு சோதனைக் கட்டணம், விஞ்ஞானி வரும் செலவு, முன்பணம் என்று உங்களிடம் காசு கறப்பார்கள். செம்போ பித்தளையோ அரிசியை இழுக்காது. வாங்க வருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு போலீசில் சொல்லுங்கள்.

யாரிடம் காட்டலாம்?

செயின்ட் லூயி வீதியில் உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உலோகச் சிலைகள் காட்சிக்கு இருக்கின்றன. பழைய உலோகம் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க அது நல்ல இடம். வயது குறித்து சட்டபூர்வ முடிவு சொல்லக்கூடியது இந்திய தொல்லியல் துறை. வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்க அனுபவமுள்ள ஸ்தபதி அல்லது வார்ப்புத் தொழிலாளி. விலைக்கு, குறைந்தது இரண்டு வியாபாரிகள்.

மதிப்புச் சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால், அவர் சொல்லும் விலை அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அவரிடம் விற்கத் தடையில்லை, ஆனால் முதலில் வேறொருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

போவதற்கு முன்: நான்கு பக்கமும் அடியும் தெளிவாகப் போட்டோ, எடை, உயரம், பழுது பார்த்த இடங்கள், குடும்பத்துக்கு எப்படி வந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பொருளைக் கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் எடையைக் குறிப்பிட்டு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சுருக்கமாக

காந்தம், தண்ணீர் சோதனை, அடிப்பக்கம். இந்த மூன்றையும் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே முடிக்கலாம். தேய்க்காதீர்கள், உருக்காதீர்கள், அவசரப்படாதீர்கள். 100 வருடம் தாண்டியிருக்கும் என்று தோன்றினால் விலை பேசும் முன் சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் பார்த்தபிறகு அது சாதாரண மொராதாபாத் யானைதான் என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. காயலான் கடைக்காரர் கேட்கும் விலைக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்பதாவது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.